பிரட்டுக்களத்துப் பேச்சை எழுதி வைக்கிறோம்

மூணாறு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு குடும்பத்தின் கதை இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, தோட்டத்து ஆபீஸ் பேரேட்டில், ஆங்கிலத்தில், நம்பராக. இன்னொன்று, வீட்டுப் பெரியவர்கள் வாயில். பேரேட்டுக்கு அலமாரியும் பூட்டும் உண்டு. பெரியவர்கள் ஓய்வு வாங்கினால், லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டைக் காலி செய்துகொடுக்க வேண்டும். பிள்ளைகளில் யாராவது தோட்டத்தில் பேர் போட்டிருந்தால் அதே வீட்டில் தொடரலாம். இல்லையென்றால் கட்டில், பாத்திரம், தகரப் பெட்டி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகத் தமிழ்நாட்டுக்கு இறங்கிப் போக வேண்டியதுதான். நாற்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து வாசலில் உட்கார்ந்து பேசியவர்களில் ஒருவர் கயத்தாறிலும், ஒருவர் சங்கரன்கோவிலிலும், ஒருவர் திருப்பூரில் மகன் வீட்டிலும் இருப்பார்கள். சொல்ல ஆள் இருக்கும், கேட்க ஆள் இருக்காது.

நான் பிறந்தது குண்டளை ஆற்றுப் பக்கத்து டிவிஷன் (தோட்டத்தின் ஒரு பிரிவு) ஒன்றில். அம்மா கொழுந்தெடுத்தவர். அப்பா செடி வெட்டுகிற கவாத்துக்கும் மருந்தடிக்கும் போனவர். இப்போது டவுனில் டி.டி.பி. கடையும் மாலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷனுமாகப் பிழைப்பு ஓடுகிறது. சில வருஷங்களாக நானும் என் மதினியும் சேர்ந்து லயத்துப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து, தட்டச்சு செய்து வைத்துவருகிறோம். எங்களிடம் பெரிய கருவி எதுவும் இல்லை. ஒரு போன், ஒரு நோட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலங்கள், அவ்வளவுதான். பீர்மேடு, வால்பாறை, நீலகிரி என்று எங்கே இருந்தாலும், இதே மாதிரி ஒரு வேலையைத் தொடங்க நினைக்கிறவர்களுக்காக, கைக்கு வந்த பழக்கங்களை எழுதுகிறேன்.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாற்று அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். 1880-ல் ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் முதல் தேயிலையை நட்டார். 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி வந்தது. காட்டைத் திருத்த ஆள் வேண்டும். முன்பணம் கொடுத்துக் கங்காணிமார் ஆட்களைக் கூட்டி வந்தது திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து. போடியிலிருந்து குரங்கணி ஏறி, டாப் ஸ்டேஷன் வழியாகத் தலைச்சுமையோடு நடந்து வந்தவர்கள் அவர்கள். அதே டாப் ஸ்டேஷனுக்கு 1908 முதல் சின்ன ரயில் ஒன்று ஓடியது. தேயிலைப் பெட்டியை அங்கே கொண்டுபோய், கம்பிவடத்தில் கோட்டைக்குடிக்கு இறக்கினார்கள். 1924 ஜூலை வெள்ளத்தில் தண்டவாளம் போனது போனதுதான். கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்பார்கள். எங்கள் பாட்டிமார் ‘பெருவெள்ளம்’ என்று மட்டும் சொல்வார்கள்.

பிறகு எல்லைக் கதை. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரிப் பக்கத்து நாலு தாலுகாக்களும் செங்கோட்டையும் அந்தப் பக்கம் போயின, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். என் தாத்தா திருவிதாங்கூரில் வேலைக்குச் சேர்ந்தார், திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்த திரு-கொச்சியில் கல்யாணம் செய்தார், கேரளத்தில் ஓய்வு வாங்கினார். இத்தனைக்கும் அவர் லயம் மாறவே இல்லை.

இந்த மாதிரி ஒரு வரியை எந்தப் பேரேட்டிலிருந்தும் எடுக்க முடியாது. ஆளிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. “ஆச்சி, உங்க வரலாற்றைச் சொல்லுங்க” என்றால், “நமக்கு என்ன தாயி வரலாறு, மழையும் அட்டையும்தான்” என்று பதில் வரும். சிலர் சேலையைச் சரிசெய்துகொண்டு மேடைத் தமிழில் பேசத் தொடங்குவார்கள், அது அவர்கள் பேச்சே இல்லை. “முத நாள் எந்தக் காட்டுல விட்டாங்க?” என்று கேட்டுப் பாருங்கள். நம்பர் உடனே வரும். பதினாலாம் நம்பர் காடு (தேயிலைப் பகுதியைக் காடு என்போம்). அடுத்து, அந்தக் காட்டின் சரிவு எப்படி, வழுக்குப் பாறை எங்கே, பிரட்டில் (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற களம்) பேர் கூப்பிட்டது யார், கங்காணி எந்த ஊர்க்காரர், மத்தியானச் சோற்றுக்குத் தொட்டுக்க என்ன, அட்டை கடித்த இடத்தில் என்ன தடவினார்கள் என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வரும். வேலையிலிருந்து தொடங்கினால் வாழ்க்கை தானாக வருகிறது. வாழ்க்கையிலிருந்து தொடங்கினால் இரண்டுமே வராது என்பது என் அனுபவம்.

கையைக் கவனியுங்கள். எங்கள் பின் லயத்து ஆச்சி ஒருவர் கொழுந்தெடுப்பதைப் பற்றி வாயால் சொல்லச் சொன்னால் தடுமாறினார். அடுப்படியில் ஆய்ந்துகொண்டிருந்த கீரைக் கட்டைக் கையில் எடுத்ததும் பேச்சு மாறிவிட்டது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தண்டைப் பிடிக்கின்றன. நகம் படவே இல்லை. மணிக்கட்டை லேசாக மேலே தூக்கிய வேகத்தில் ‘டிக்’ என்று ஒடிகிறது. ஒடிந்தது உள்ளங்கைக்குள் போய்விடுகிறது, அதற்குள் விரல்கள் அடுத்த தண்டில் இருக்கின்றன. கை நிறைந்த பிறகுதான் தோளுக்குப் பின்னால் வீச்சு. அந்த வீச்சில் கண் பின்னால் போகாது. “ரெண்டு இலை, ஒரு மொட்டு. நகத்தால கிள்ளினா காம்பு கறுத்துப்போகும், கண்டக்டர் ஏசுவாரு” என்றார். கண்டக்டர் என்பது தோட்டத்து வேலையை மேற்பார்க்கிறவர். கொழுந்து வெட்டக் கத்திரி வந்த பிறகு சேர்ந்த பெண்களுக்கு இந்த விரல் பழக்கம் வேண்டியதில்லை. அதனால் இந்த மாதிரி இடங்களில் குரல் மட்டும் போதாது, முகத்தை விட்டுவிட்டுக் கையை மட்டும் வீடியோ எடுங்கள். முகம் வராது என்றால் பாட்டிமாரும் வெட்கமில்லாமல் செய்து காட்டுவார்கள்.

பதிவு செய்கிற நேரம், இடம் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை லயத்துக்குள் குரல் பதிவு ஆகாது. தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்துக்கு மேல் எதுவும் கேட்காது. டிசம்பர், ஜனவரிதான் நல்ல மாதங்கள். குளிருக்கு எல்லோரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுகிறவருக்கு ஒரு முழ தூரத்தில் வையுங்கள். முதல் வரியாகத் தேதி, டிவிஷன் பெயர், பேசுகிறவர் பெயர், கேட்கிறவர் பெயர் நான்கையும் வாயால் சொல்லிவிடுங்கள். பிற்பாடு பைலின் பெயர் மாறிப்போனாலும் உள்ளே குரல் அடையாளம் சொல்லும். எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அது சுருங்கி, பெரிதாக்கும்போது முகம் கலங்கிவிடும்.

வருஷம் கண்டுபிடிப்பதுதான் கஷ்டமான வேலை. ஆதார் அட்டையில் எங்கள் பெரியவர்கள் பலருக்கும் ஜனவரி 1-தான் பிறந்த நாள். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு ஒரு குத்துமதிப்பு வருஷம். அவர்களிடம் வருஷம் கேட்கக் கூடாது, பூ கேட்க வேண்டும். இரவிகுளம், ராஜமலைப் பக்கம் நீலக்குறிஞ்சி பூத்தது 2018-ல். அதற்கு முன் 2006, 1994, 1982, 1970, 1958. “நான் கைப்பிள்ளையா இருக்கயில குறிஞ்சி பூத்துச்சாம், நான் சமைஞ்ச வருஷம் மறுபடி பூத்துச்சு” என்று ஒரு பெரியம்மா சொன்னார். 1958-ல் கைப்பிள்ளை என்றால் 1970-ல் பன்னிரண்டு, பதிமூன்று வயது. அட்டையில் இருந்த வருஷத்தைவிட அது சரியாகப் பொருந்தியது. எந்த மலையில் பூத்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், எல்லா மலையிலும் ஒரே வருஷம் பூப்பதில்லை.

ஆண்களிடம் தேர்தல் கேட்கலாம். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் நின்று ஜெயித்தார். அவருக்காக இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் தோட்டம் தோட்டமாகப் பாட்டுப் பாடினார். அந்தப் பாட்டைக் கேட்டபோது தோளில் இருந்தேனா, நடந்து போனேனா என்று ஒருவர் யோசித்துச் சொன்னால் வயது கிடைத்துவிடும். கம்பெனி பெயர் மாறியதும் ஒரு கணக்குதான். பின்லே என்ற வெள்ளைக்காரக் கம்பெனி காலம், டாடா காலம், 2005-க்குப் பிறகு இப்போதைய கம்பெனி காலம் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியும். இவற்றை ஒரே தாளில் பட்டியலாக எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசப் போவது நல்லது.

பழசைத்தான் பதிய வேண்டும் என்று இல்லை. 2015 செப்டம்பரில் போனஸுக்காகப் பெண்கள் தாங்களாகவே ரோட்டில் உட்கார்ந்தார்களே, பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று நாடே பேசியதே, அதில் உட்கார்ந்தவர்கள் பலர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். சமையல் யார் செய்தது, பிள்ளைகளை யார் பார்த்தது, முதல் நாள் முதல் ஆளாக எழுந்து போனது எந்த டிவிஷன் என்பதெல்லாம் அவர்களுக்கு நேற்று நடந்தது மாதிரி இருக்கிறது. இருபது வருஷம் கழித்து அதை வீர வசனமாகச் சொல்வார்கள். இன்றைக்குச் சொல்வது வேறு. பயமும் கோபமும் பசியும் கலந்து வருகிறது. அதுதான் எனக்கு வேண்டும்.

ஒப்பாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பாட்டிமாரில் நல்ல ஒப்பாரிக்காரிகள் இருக்கிறார்கள். ஊரை விட்டு மலையேறி வந்த கதை, பாதி வழியில் பிள்ளையைப் பறிகொடுத்த கதை எல்லாம் அந்தப் பாட்டுக்குள்தான் கிடக்கிறது, வேறு எங்கும் இல்லை. ஆனால் சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாட மாட்டார்கள், பாடச் சொல்லவும் கூடாது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிப் பேசி வற்புறுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. பாட்டுக்கு இருக்கிற மரியாதை அது. நாங்கள் லயத்தை விட்டுத் தள்ளி, ஓடைக்கரையில் உட்கார்ந்துதான் பதிவோம். பாடி முடித்ததும் பாட்டி ஓடையில் காலைக் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். நாங்களும் கழுவுவோம். அந்தப் பைலை வீட்டுக்குள் சத்தமாகப் போடுவதில்லை, காதில் மாட்டித்தான் கேட்போம்.

தட்டச்சு செய்யும்போது மொழியைத் திருத்தாதீர்கள். “மழைன்னா மழை, அப்படியொரு மழை தாயி” என்பதை “கடுமையான மழை பெய்தது” என்று எழுதினால், பேசிய ஆள் அந்த வரியில் இல்லாமல் போகிறார். எங்கள் பேச்சில் திருநெல்வேலியும் மதுரையும் மலையாளமும் கலந்து கிடக்கும். ‘ஏலே’ என்று தொடங்கி மலையாளத்தில் முடிகிற வாக்கியம்கூட உண்டு. அது இந்த மலையில் நூற்றுச் சொச்சம் வருஷம் வாழ்ந்ததற்குச் சாட்சி. அழுக்கு என்று துடைக்க வேண்டியதில்லை. தட்டச்சு செய்ததை ஒருமுறை பேசியவரிடம் வாசித்துக் காட்டுங்கள். இரண்டு பலன் உண்டு. தப்பான ஊர்ப் பெயரைத் திருத்துவார்கள். முதலில் சொல்லாததைச் சொல்வார்கள். சில வரிகளை “இதை எடுத்துரு தாயி” என்பார்கள். மறுபேச்சு பேசாமல் எடுத்துவிட வேண்டும். குடும்பச் சண்டை, ஓடிப்போன கதை, சாதிப் பேச்சு இவற்றில் உயிரோடு இருப்பவர் பெயர் வந்தால், அவர்கள் கேட்காவிட்டாலும் நான் எடுத்துவிடுவேன்.

அடுத்தது காகிதங்கள். தகரப் பெட்டியைத் திறந்தால் பி.எஃப். சீட்டு, ரேஷன் கார்டு, பள்ளிக்கூட டி.சி., ஞானஸ்நானச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை என்று கிடைக்கும். ஒரே பெண் ஒரு தாளில் மாரியம்மாள், இன்னொன்றில் மாரியாயி, மலையாளத்தில் எழுதியதில் மாரியம்ம. ஒன்றில் அப்பா இனிஷியல், ஒன்றில் புருஷன் இனிஷியல். இது எல்லாம் ஒரே ஆள்தான் என்று சொல்லக்கூடியவர் இப்போது உயிரோடு இருக்கிறார், நாளைக்கு இருக்க மாட்டார். ஆகவே ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தத் தாளில் எந்த எழுத்தில் எந்தப் பெயர் என்று எழுதி வையுங்கள். வாரிசுச் சான்று, பி.எஃப். பணம் என்று அலைகிற குடும்பங்களுக்கு இந்த ஒரு பக்கம் நேரடியாக உதவியிருக்கிறது. பாரம்பரியம் என்ற பேச்சில் ஆர்வமில்லாத வீடுகளும் இதற்காகக் கதவைத் திறக்கிறார்கள்.

எங்கள் ஊர் ஈரம் காகிதத்துக்கு எமன். பழைய தாளை லேமினேட் செய்யாதீர்கள். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டால் பிறகு வெளியே எடுக்க வழியில்லை. பெட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன போட்டோவை உரிக்கவே வேண்டாம், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஜன்னல் பக்கம் கொண்டுபோய், பிளாஷ் இல்லாமல், வெளிச்சம் எதிரொளிக்காத கோணம் பார்த்துக் கண்ணாடியோடு படம் எடுங்கள். தனிப் போட்டோவின் பின்னால் பெயர் எழுதுவதென்றால் மென்மையான பென்சில்தான். பால்பாயிண்ட் முன்பக்கம் வரை அழுத்தம் காட்டும்.

பிரதி மூன்று இருக்க வேண்டும், அதில் ஒன்றாவது மலைக்குக் கீழே இருக்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர் போனது. அவர்களில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு. தாத்தா முதல் பேரப்பிள்ளை வரை ஒரே வரிசை வீடுகளில் இருந்தவர்கள். பெட்டியும் போட்டோவும் நினைவு வைத்திருந்த ஆட்களும் ஒன்றாகப் போனார்கள். அதன் பிறகு நாங்கள் எந்தப் பைலையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. ஒன்று கடைக் கம்ப்யூட்டரில், ஒன்று தேனியில் அண்ணன் வீட்டு ஹார்டு டிஸ்கில், ஒன்று இணையக் கணக்கில். அந்தந்த வீட்டுக்கு ஒரு பென் டிரைவும் கொடுத்துவிடுவோம்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கும் பெரியவர்கள் சிலருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. தாய்மொழியில் தொடக்கக் கல்வி என்று அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு சொல்கிறது, இங்கே தமிழ் வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. இருந்தாலும் வேலை, படிப்பு என்று யோசித்து, ஆங்கில வழியிலோ மலையாள வழியிலோ சேர்க்கிற வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பாட்டி சொன்ன கதையைச் சின்னப் புத்தகமாக அடித்தபோது, இடது பக்கம் தமிழ் எழுத்திலும் வலது பக்கம் அதே தமிழை மலையாள எழுத்திலும் போட்டேன். “இது என்ன கூத்து, இப்படிப் போட்டா தமிழை எப்பப் படிப்பான்?” என்று தலைமையாசிரியராக இருந்த பெரியவர் ஒருவர் வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயம்தான். ஆனால் பேரன் வலது பக்கத்தை வாசித்துச் சிரித்தான். அடுத்த வாரம், “அத்தை, அப்பத்தா பேரு இந்தப் பக்கத்துல எங்க இருக்கு?” என்று இடது பக்கத்தைக் காட்டிக் கேட்டான். டியூஷனில் இப்போது அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் எழுத்துச் சொல்லித்தருகிறேன். தெரிந்த கதை என்பதால் எழுத்து சீக்கிரம் பிடிபடுகிறது.

தோட்டத்தோடு நின்றுவிடவும் கூடாது. நல்லதண்ணியில் இருக்கிற தேயிலை மியூசியத்தில் ஒரு கல் சூரியக் கடிகாரம் இருக்கிறது. நாசரேத் தொழிற்பள்ளியில் 1913-ல் செய்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம், நாசரேத், சாத்தான்குளம் பக்கமிருந்து மலையேறி வந்த எங்கள் ஆட்களின் மறுபாதிக் கதை அந்த ஊர்களில்தானே இருக்கும் என்று தோன்றும். உண்மையாகவே இருக்கிறது. தோட்டத்திலிருந்து ஊருக்கு எழுதிய கடுதாசிகள். லீவு கிடைக்காதது, கம்பளிக்குச் சம்பளத்தில் பிடித்தது, பிள்ளை பிறந்தது, மணியார்டர் வந்து சேர்ந்ததா என்ற கேள்வி, எல்லாம் தேதியோடு. பழைய வீடுகளில் அவற்றைக் கொக்கிக் கம்பியில் குத்தி உத்தரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள்.

அப்படி ஒரு கம்பியைப் பார்த்தால் கடுதாசிகளைச் சட்டென்று உருவாதீர்கள். துருப்பிடித்த இடத்தில் தாள் கிழிந்துவிடும். கம்பியோடு இறக்கி, தொங்கின வரிசை தெரிகிற மாதிரி முதலில் ஒரு படம் எடுங்கள். அடியில் இருப்பதுதான் பழசு. கொக்கி வளைவைக் குறடால் நிமிர்த்திவிட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கழற்றிய வரிசையிலேயே பின்பக்க மூலையில் பென்சிலால் நம்பர் போடுங்கள். முத்திரையில் தேதி அழிந்துபோன கடுதாசிக்கு முன்னும் பின்னும் இருக்கிற இரண்டைப் பார்த்தால் மாதம் வரைக்கும் சொல்லிவிடலாம். படமெடுத்து முடித்ததும் அதே வீட்டாரிடம் அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஒரு நல்ல தகர டப்பாவும் சேர்த்து.